ஆயில் மாற்றிய பிறகு டிராக்டர் ஹைட்ராலிக்கில் நுரை: பம்பை மாற்றுவதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை

நீங்கள் கேட்டிருப்பதை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். பெங்களூருக்குப் பக்கத்தில் ஆனேக்கலில் உங்கள் மாமனார் வைத்திருக்கும் 45 ஹெச்.பி. டிராக்டருக்குப் போன வாரம் ஹைட்ராலிக் ஆயிலும் ஃபில்டரும் மாற்றினார்கள். மறுநாளிலிருந்து டிப்ஸ்டிக்கை உருவினால் நுரை, பின்னால் கருவிகளைத் தூக்குகிற லிஃப்ட் ஏறும்போது நடுக்கம், டிப்பர் ட்ராலி பாதி ஏறி நின்று நின்று போகிறது, பம்பு பக்கம் முன்பு இல்லாத ஒரு முனகல். ஒரு மெக்கானிக் ஆயில் டூப்ளிகேட் என்கிறார், இன்னொருவர் பம்பு போய்விட்டது என்கிறார், ஆயிலை மறுபடி வடிப்பதா, பம்பு வாங்குவதா என்று கேட்கிறீர்கள். இந்த இரண்டுக்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது: அந்தக் காற்று எந்த வழியாக உள்ளே போகிறது? அது தெரியாமல் புதுப் பம்பு போட்டால் அதுவும் அதே காற்றைக் குடித்துக்கொண்டு முனகத்தான் செய்யும்.

நான் பெங்களூரு பீன்யாவில் 20 வருடத்துக்கு மேலாக பவர் பேக் (மோட்டாரும் பம்பும் தொட்டியும் சேர்ந்த ஹைட்ராலிக் யூனிட்), சிலிண்டர், பம்பு வேலை பார்க்கிறவன். டிராக்டர் கம்பெனி சர்வீஸ் ஆள் கிடையாது. ஆனால் ஹொசகோட்டை, மாலூர், ஆனேக்கல் பக்கமிருந்து தண்ணீர் டேங்கர் இழுக்கிற வண்டி, கட்டட இடிபாடு ஏற்றுகிற வண்டி என்று பம்பைக் கழற்றிச் சாக்கில் போட்டுக்கொண்டு எங்கள் பட்டறைக்கு வருகிறவர்கள் நிறைய. டெஸ்ட் பெஞ்சில் மாட்டி ஓட்டிப் பார்த்தால் அந்தப் பம்புகளில் பல நன்றாகவே அழுத்தம் கொடுக்கும். கோளாறு வண்டியிலேயே உட்கார்ந்திருக்கும். உங்கள் வண்டியை நான் பார்க்கவில்லை, மாடலும் நீங்கள் எழுதவில்லை, அதனால் இதுதான் கோளாறு என்று விரல் வைத்துச் சொல்ல என்னால் முடியாது. எதை முதலில் பார்க்க வேண்டும், எதற்கு இப்போதே பணம் செலவழிக்கக் கூடாது என்பதை மட்டும் தைரியமாகச் சொல்ல முடியும்.

ஆயில் மாற்றும் வரை லிஃப்ட் ஒழுங்காக வேலை செய்தது, மாற்றிய மறுநாள் கெட்டது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பம்பு தேய்வது மாதக்கணக்கில், வருடக்கணக்கில் நடக்கிற விஷயம். ஆயில் மாற்றிய அன்றைக்குப் பார்த்து அது சாவது அபூர்வம், கிட்டத்தட்ட காய்ந்த நிலையில் ஓட விட்டிருந்தால் தவிர. எனவே அன்றைக்கு யாருடைய கை எங்கெங்கே பட்டதோ அங்கேதான் தேட வேண்டும்: வடிகால் போல்ட், ஃபில்டர் மூடி, அதன் ஓ-ரிங் (ரப்பர் வளையம்), உள்ளே இருக்கிற ஜாலி ஸ்ட்ரெய்னர் (வலை வடிகட்டி), சக்ஷன் பைப் (பம்பு ஆயிலை உறிஞ்சுகிற குழாய்), ஊற்றிய ஆயிலின் அளவு, ஊற்றிய ஆயிலின் ரகம். அவ்வளவுதான் பட்டியல்.

முதலில் ஒரு வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். பட்டறையில் கன்னடக்காரப் பையன்கள் நொரெ என்பார்கள், நாம் நுரை என்கிறோம், இரண்டும் ஒரே சொல்தான். ஆனால் அந்த ஒரு சொல்லுக்குள் மூன்று விதமான கோளாறு ஒளிந்திருக்கிறது. ஆயிலின் மேல்மட்டத்தில் டீக்கடை டீ மாதிரி பெரிய குமிழியாக நிற்பது ஒன்று. ஆயிலுக்குள்ளேயே பொடிக் குமிழிகள் விரவி, ஆயில் முழுக்கவே வெளிறித் தெரிவது இன்னொன்று. தண்ணீர் கலந்து மோர் மாதிரி வெளுத்துக் கிடப்பது மூன்றாவது. மேலே மிதக்கிற நுரை அதுவாகவே பெரிய சேதம் செய்யாது, மூச்சுக்குழாய் (ஆயில் தொட்டிக்குக் காற்று போய்வருகிற துளை) வழியாகப் பொங்கி வெளியே வழியாத வரைக்கும். உள்ளே விரவிய பொடிக் குமிழிதான் பம்புக்குள் போய் லிஃப்டை நடுங்க வைக்கிறது. உங்கள் வர்ணனையைப் படித்தால் இரண்டாவது ரகம் மாதிரித் தெரிகிறது, ஆனால் மூன்றாவதையும் தள்ளிவிட்டுத்தான் முன்னே போக வேண்டும், ஏனென்றால் டிப்ஸ்டிக்கில் பார்க்க இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும்.

அதற்கு ஒரு சோதனை போதும், செலவு இல்லை. வண்டியை அரை மணி நேரம் ஓட்டி, லிஃப்டைப் பத்துத் தடவை ஏற்றி இறக்கி, எஞ்சினை நிறுத்தியதும் ஒரு சுத்தமான கண்ணாடி பாட்டிலில் அரை லிட்டர் ஆயில் எடுங்கள். பாட்டில் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். அசையாத இடத்தில் வைத்துப் பாருங்கள். காற்று என்றால் அடியிலிருந்து தெளிய ஆரம்பித்து, தெளிவான பகுதி மேலே மேலே வந்து, கொஞ்ச நேரத்தில் முழுப் பாட்டிலும் தேன் நிறத்துக்கு வந்துவிடும். தண்ணீர் என்றால் மறுநாள் காலையிலும் வெளுப்பு அப்படியே நிற்கும், அல்லது அடியில் தனியாகத் தண்ணீர் படிந்திருக்கும். சந்தேகம் இருந்தால் தோசைக்கல்லை நன்றாகச் சூடாக்கி இரண்டு சொட்டு விடுங்கள். தண்ணீர் இருந்தால் சடசடவென்று பொரியும், சுத்தமான ஆயில் சத்தமில்லாமல் பரவிப் புகையும். முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு செய்யுங்கள், வீட்டுக்குள் வேண்டாம். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், சில வருடங்களுக்கு முன்னால் மாலூர் வண்டி ஒன்றுக்கு நான் காற்று காற்று என்றே இரண்டு நாள் சக்ஷன் லைனைப் பிரித்து மாட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால் கியர் லீவர் மேல் இருக்கிற ரப்பர் பூட் கிழிந்து, வண்டி கழுவுகிற தண்ணீர் எல்லாம் ஹவுசிங்குக்குள் (ஆயில் நிற்கிற பின் பெட்டி) இறங்கியிருக்கிறது. அந்த வண்டிக்காரருக்கு இரண்டு நாள் வேலை போனது என்னால். அன்றிலிருந்து பாட்டிலில் பார்க்காமல் ஸ்பேனரைத் தொடுவதில்லை.

சரி, காற்றுதான் என்று தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த கேள்வி, அது அன்றைக்கு மாட்டிக்கொண்ட பழைய காற்றா, இப்போதும் புதிதாகப் போய்க்கொண்டிருக்கிற காற்றா? ஆயிலை வடித்தால் ஃபில்டர், பைப், சிலிண்டர் எல்லாவற்றிலும் காற்று நிற்கும், புது ஆயில் ஊற்றிய முதல் ஒரு மணி நேரம் நுரை வருவது சகஜம். ஆனால் அது வேலை செய்யச் செய்யக் குறைந்து, ஒரு இரவு வண்டி நின்றால் போய்விட வேண்டும். உங்கள் வண்டியில் ஒரு வாரம் ஆகியும் தினமும் நுரை என்றால் அது பழைய காற்று இல்லை. தினமும் புதிதாக வருகிறது. இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

குமிழி வெளியேறுகிற வேகத்தையும் சொல்லிவிடுகிறேன், பலபேர் இதை யோசிப்பதில்லை. குமிழியின் விட்டம் பாதியானால் அது மேலே ஏறி வெளியேற நான்கு மடங்கு நேரம் எடுக்கும். ஆயில் கெட்டியாக இருந்தால் இன்னும் தாமதம். 40 டிகிரியில் இருக்கிற ஆயிலோடு ஒப்பிட்டால் 20 டிகிரியில் அதே ஆயில் இரண்டரை, மூன்று மடங்கு கெட்டி. நம் ஊர் டிசம்பர், ஜனவரி காலையில் 15 டிகிரிக்குப் பக்கத்தில் நிற்கிற வண்டியை ஸ்டார்ட் பண்ணி உடனே ஆக்ஸிலரேட்டரை மிதித்து ட்ராலியைத் தூக்கினால், அந்தக் கெட்டி ஆயிலைப் பம்பு இழுக்க முடியாமல் திணறும். அப்போது வெளியிலிருந்து சொட்டுக் காற்று போகாமலேயே நுரை வரலாம். ஏனென்றால் சாதாரண மினரல் ஆயிலில் அதன் கன அளவில் ஏறத்தாழ 9 சதவீதம் காற்று எப்போதும் கரைந்தே இருக்கிறது, சோடாவுக்குள் கேஸ் இருக்கிற மாதிரி கண்ணுக்குத் தெரியாமல். பம்பின் வாய்ப்பக்கம் உறிஞ்சுகிற இழுப்பு அதிகமானால் அது குமிழியாகப் பிரிந்து வரும். அடைத்த ஸ்ட்ரெய்னர், நசுங்கிய சக்ஷன் ஹோஸ், தேவைக்கு மேல் கெட்டியான ஆயில் எல்லாம் இதைத்தான் செய்கின்றன. கூழாங்கல்லை டப்பாவில் போட்டுக் குலுக்குகிற மாதிரி சத்தமோ சீரான முனகலோ, இதிலும் வரலாம், காற்றுக் கசிவிலும் வரலாம்.  சத்தத்தை மட்டும் நம்பி முடிவு எடுக்காதீர்கள்.

இப்போது ஆயில் அளவு. இதைப் பார்த்தாச்சு என்று எல்லாரும் சொல்வார்கள், எப்படிப் பார்த்தார்கள் என்று கேட்டால்தான் விஷயம் வரும். வண்டி சமதரையில் நிற்க வேண்டும், எஞ்சின் நின்று சில நிமிடம் ஆகியிருக்க வேண்டும், லிஃப்ட் கைகள் கீழே இறங்கியிருக்க வேண்டும், ட்ராலி மாட்டியிருந்தால் அதுவும் முழுக்க இறங்கியிருக்க வேண்டும். புது ஃபில்டரும் பைப்புகளும் நிரம்பக் கொஞ்சம் ஆயில் குடிக்கும், அதனால் முதல் தடவை ஓட்டிய பிறகு மறுபடி பார்த்து நிரப்ப வேண்டும், இதைப் பலர் செய்வதில்லை. உங்கள் வண்டியில் டிப்பர் ட்ராலி இருப்பதால் இது இன்னும் முக்கியம். ட்ராலி ஜாக் தூக்குவதற்கான ஆயில் எல்லாம் டிராக்டரின் ஹவுசிங்கிலிருந்துதான் போகிறது. 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள ராம் (ஜாக்கில் நீளுகிற தண்டு) ஒன்றரை மீட்டர் நீண்டால் ஏறத்தாழ 12 லிட்டர் ஆயில் ஹவுசிங்கை விட்டு வெளியே போய் நிற்கும். ஏற்கெனவே நான்கைந்து லிட்டர் குறைவாக ஊற்றியிருந்தால், ட்ராலி பாதி ஏறும்போது ஆயில் மட்டம் சக்ஷன் வாய்க்குக் கீழே போய்விடும், பம்பு காற்றையும் ஆயிலையும் சேர்த்து இழுக்கும். ட்ராலி பாதி ஏறி நின்று நின்று போகிறது என்று நீங்கள் எழுதிய வரியைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது இதுதான். சரியான கொள்ளளவு வண்டிக்கு வண்டி மாறும், 30 லிட்டர் பிடிக்கிற வண்டியும் உண்டு, 60 லிட்டர் பிடிக்கிற வண்டியும் உண்டு. பக்கத்து வீட்டு வண்டிக்கு இரண்டு வாளி போதும் என்பதால் உங்களுக்கும் போதும் என்று இல்லை. மேனுவலில் இருக்கிற எண்தான் கணக்கு.

அதிகமாக ஊற்றினாலும் நுரைதான். பல வண்டிகளில் கியர், கிரவுன் வீல் (பின் அச்சைச் சுற்றுகிற பெரிய பல்சக்கரம்), ஆயில் பிரேக், ஹைட்ராலிக் எல்லாவற்றுக்கும் ஒரே ஆயில், ஒரே தொட்டி. மட்டம் ஏறினால் கிரவுன் வீல் மத்து மாதிரி கடையும். இதைக் கண்டுபிடிக்க எளிதான வழி ஒன்று இருக்கிறது. வண்டி நின்ற இடத்திலேயே நியூட்ரலில் கால் மணி நேரம் லிஃப்டை மட்டும் ஏற்றி இறக்குங்கள். அப்போது பின் சக்கரம் சுற்றாது, கிரவுன் வீலும் சுற்றாது. அப்படியும் நுரை வந்தால் காற்று ஹைட்ராலிக் பக்கமாகத்தான் போகிறது. நின்ற இடத்தில் நுரை இல்லை, டாப் கியரில் ரோட்டில் ஐந்து கிலோமீட்டர் போய் வந்தால்தான் நுரை என்றால் அளவையும் ஆயில் ரகத்தையும் சந்தேகப்படுங்கள்.

அளவு சரி, நின்ற இடத்திலும் நுரை வருகிறது என்றால் சக்ஷன் லைனுக்கு வருகிறோம், என் அனுபவத்தில் அதிகம் மாட்டுகிற இடம் இதுதான். ஹவுசிங்கிலிருந்து பம்பின் வாய் வரைக்கும் உள்ள பகுதியில் எஞ்சின் ஓடும்போது வெளிக்காற்றைவிடக் குறைந்த அழுத்தம் இருக்கும். அதனால் அங்கே ஒரு ஓட்டை இருந்தால் ஆயில் வெளியே வராது, காற்று உள்ளே போகும். மெக்கானிக் ஈரம் இருக்கிறதா என்று துணியால் துடைத்துப் பார்த்து, எங்கேயும் லீக் இல்லை என்று சத்தியம் செய்வார். அவர் பொய் சொல்லவில்லை. அந்தப் பக்கத்துக் கசிவு அப்படித்தான், கண்ணில் படாது. ஆயில் மட்டத்துக்குக் கீழே இருக்கிற ஜாயின்ட் என்றால் வண்டி நிற்கும்போது லேசாகக் கசிந்து காட்டிக்கொடுக்கும். மேலே இருக்கிற ஜாயின்ட் அதுவும் செய்யாது. இரவெல்லாம் அந்த வழியாகக் காற்று புகுந்து பைப்பிலிருக்கிற ஆயில் ஹவுசிங்குக்கே இறங்கிவிடும், காலையில் முதல் தடவை லிஃப்ட் ஏற வழக்கத்தைவிட அதிக நேரம் எடுக்கும். உங்கள் மாமனாரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள், வண்டி ஓட்டுகிறவருக்குத்தான் தெரியும்.

ஹொசகோட்டையிலிருந்து ஒரு டேங்கர் வண்டிக்காரர் வந்தார். மூன்று தடவை ஆயில் மாற்றிவிட்டார், ஒரு பட்டறையில் பம்பும் புதிதாகப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள், நுரை போகவில்லை. நான் போய் ஃபில்டரைக் கழற்றினால், பழைய ஃபில்டரின் ரப்பர் வாஷர் ஹவுசிங் முகத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதன் மேலேயே புது ஃபில்டரை அதன் வாஷரோடு இறுக்கியிருக்கிறார்கள். இரண்டு ரப்பர் ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்தால் சீல் ஆகாது. பழையதைப் பிய்த்து எடுத்து, முகத்தைத் துடைத்து மாட்டியதும் மறுநாள் ஆயில் தெளிந்துவிட்டது. அவர் அதற்குள் செலவழித்த பணத்தை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது. இதே மாதிரி, மூடி வகை ஃபில்டர் என்றால் ஓ-ரிங் பள்ளத்தில் உட்காராமல் முறுக்கிக்கொண்டு நிற்கும், அல்லது அளவு ஒன்று சின்னதாக இருக்கும், அல்லது பழைய கெட்டிப்போன ஓ-ரிங்கையே சிலிகான் பேஸ்ட் தடவித் திரும்பப் போட்டிருப்பார்கள். அந்தப் பேஸ்ட் காய்ந்து நாராகப் பிய்ந்து ஸ்ட்ரெய்னரை அடைப்பதையும் பார்த்திருக்கிறேன். சக்ஷன் பைப்பில் ரப்பர் ஹோஸ் இருந்தால் கிளிப்புக்கு அடியில் வெடிப்பு இருக்கிறதா என்று வளைத்துப் பாருங்கள்.

கசிவைக் கண்டுபிடிக்கும் முறை எளிது. எஞ்சினை ஐடிலில் ஓட விடுங்கள், ஒரு ஆயில் கேனில் அதே ஹைட்ராலிக் ஆயிலை எடுத்துக்கொண்டு சக்ஷன் பக்கத்து ஜாயின்ட் ஒவ்வொன்றின் மேலும் தாராளமாக ஊற்றுங்கள், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே அரை நிமிடம் விட்டு. எந்த இடத்தில் ஊற்றும்போது பம்பின் முனகல் சட்டென்று மாறுகிறதோ அங்கேதான் ஓட்டை, காற்றுக்குப் பதில் ஆயில் உறிஞ்சப்படுகிறது. கிரீஸை அப்பிப் பார்க்கலாம், அதுவும் வேலை செய்யும். இது சக்ஷன் பக்கத்துக்கு மட்டும். பம்புக்குப் பிறகு இருக்கிற பிரஷர் பைப்பைக் கையால் தடவிக் கசிவு தேடவே தேடாதீர்கள், 150, 200 பார், அதாவது வெளிக்காற்றைப் போல 150, 200 மடங்கு அழுத்தத்தில் ஊசித் துவாரத்திலிருந்து வருகிற ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போகும், விரலையே எடுக்க வேண்டி வரலாம். ட்ராலியைத் தூக்கி வைத்து அடியில் யாரும் போகக் கூடாது, போக வேண்டி இருந்தால் இரும்பு முட்டு கொடுத்த பிறகுதான். காற்று கலந்த ஹைட்ராலிக் எப்போது இறங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

பம்பின் ஷாஃப்ட் சீலையும் மறக்காதீர்கள். எஞ்சினோடு சேர்த்து மாட்டிய கியர் பம்பு என்றால் அந்த சீல் கெட்டால் எஞ்சின் பக்கத்துக் காற்றும் ஆயிலும் உள்ளே இழுக்கப்படலாம், அல்லது ஹைட்ராலிக் ஆயில் எஞ்சினுக்குள் இறங்கலாம். எஞ்சின் ஆயில் மட்டம் காரணமில்லாமல் ஏறியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். மாறியிருந்தால் சீல்தான், பம்பு முழுசும் வேண்டியதில்லை.

எல்லா வண்டியிலும் இந்த வெளி சக்ஷன் பைப் இருக்காது என்பதையும் சொல்ல வேண்டும். ஹாரி ஃபெர்குசன் 1946-இல் கொண்டுவந்த டி.ஈ.20 வண்டியில் பம்பையே பின் ஹவுசிங்குக்குள் ஆயிலில் முக்கி, பி.டி.ஓ. ஷாஃப்டிலிருந்து (பின்னால் மாட்டுகிற கருவிகளைச் சுற்ற வைக்கும் தண்டு) ஓட வைத்தார்கள். அந்த வழியில் வந்த மாஸ்ஸி ஃபெர்குசன் மாடல்களில் இன்றும் அந்த அமைப்பைப் பார்க்கலாம். உங்களுடையது அந்த ரகம் என்றால் பம்பு ஆயிலுக்குள்ளேயே மூழ்கி இருக்கிறது, நான் மேலே சொன்ன கிளிப், ஹோஸ் கதை பெரும்பாலும் பொருந்தாது. ஆயில் மட்டம், ஸ்ட்ரெய்னர் அடைப்பு இரண்டையும் முதலில் பாருங்கள். டி.ஈ.20 மாதிரிப் பழைய வண்டி என்றால், காற்றை வெளியேற்ற லிஃப்டை ஏற்றி இறக்கும்போது பி.டி.ஓ. லீவர் போட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் பம்பே சுற்றாது.

டிப்பருக்காகப் பின்னால் தனி வால்வு மாட்டியிருக்கிறார்களா? அப்படியென்றால் அதன் ரிட்டர்ன் பைப் எங்கே போகிறது என்று பாருங்கள். ஆயில் ஊற்றுகிற மூடியில் ஓட்டை போட்டு மேலிருந்து விழும்படி விட்டிருந்தால், திரும்பி வருகிற ஆயில் ஒவ்வொரு தடவையும் ஆற்றிய காபி மாதிரி காற்றை அடித்துக்கொண்டு விழும். ரிட்டர்ன் முனை எப்போதும் ஆயில் மட்டத்துக்குக் கீழே முடிய வேண்டும். இத்தனை நாள் இது தொல்லை தராமல் இருந்து, இப்போது மட்டம் குறைந்ததால் வெளியே தெரிய ஆரம்பித்திருக்கலாம். இது ஊகம்தான்.

ஆயில் டூப்ளிகேட்டா என்ற கேள்வி. டூப்ளிகேட் ஆயில் மார்க்கெட்டில் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் கையில் தேய்த்து, மோந்து பார்த்து யாராலும் அதைச் சொல்ல முடியாது, சொல்கிறவரை நம்பாதீர்கள். லேபில் நுரைக்கென்றே ஒரு சோதனை உண்டு, ஏ.எஸ்.டி.எம். டி892 என்று பெயர்: 24 டிகிரியிலும் 93.5 டிகிரியிலும் ஆயிலுக்குள் 5 நிமிடம் காற்றை ஊதி, எவ்வளவு நுரை எழும்புகிறது, 10 நிமிடம் கழித்து எவ்வளவு மிச்சம் என்று அளப்பார்கள். உள்ளே விரவிய குமிழி எத்தனை நிமிடத்தில் பிரிகிறது என்பதற்கு டி3427 என்று வேறொரு சோதனை. நீங்கள் லேப் வரைக்கும் போக வேண்டாம், கேன் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும் முதலில் படியுங்கள். மேனுவல் கேட்கிற தரக்குறி, ஜான் டியர் என்றால் ஜே20சி மாதிரி, அந்தக் கேனில் இருக்க வேண்டும். வெறும் எஞ்சின் ஆயிலையோ, சாதா 90 நம்பர் கியர் ஆயிலையோ ஊற்றியிருந்தால் அது டூப்ளிகேட் இல்லாவிட்டாலும் தப்பான ஆயில்தான். ஆயில் பிரேக் வண்டியில் அது பிரேக்கையும் பாதிக்கும், அப்போது வடித்துத்தான் ஆக வேண்டும். சரியான தரக்குறி உள்ள இரண்டு கம்பெனி ஆயில் கலந்ததால் மட்டும் இவ்வளவு நுரை வருமா என்றால், வரலாம், ஆனால் நான் அதைக் கடைசியில்தான் வைப்பேன். பழைய அழுக்கு போக டீசல் ஊற்றி அலசினார்களா என்றும் கேளுங்கள். ஹவுசிங்கின் மூலையில் தங்கிய டீசல் புது ஆயிலை நீர்க்க வைக்கும், அதனால்தான் இந்தப் பழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை.

கடையில் நுரை போக்கி என்று சின்ன பாட்டில் கொடுத்தால் வாங்காதீர்கள். நல்ல ஆயிலில் நுரையை அடக்கும் சிலிகான் பொருள் பத்து லட்சத்தில் சில பங்கு என்ற அளவில் ஏற்கெனவே இருக்கிறது. அதை அதிகமாகப் போட்டால் மேல் நுரை உடையும், ஆனால் உள்ளே இருக்கிற பொடிக் குமிழி வெளியேறுவது இன்னும் தாமதமாகும். டிப்ஸ்டிக் அழகாகத் தெரியும், பம்பு சாகும்.

பம்பு ஏன் சாகும் என்றால், சுத்தமான ஆயில் 100 பாருக்கு முக்கால் சதவீதம்கூடச் சுருங்காது, ஆனால் அதற்குள் இருக்கிற காற்று 180 பாரில் கிட்டத்தட்ட ஒன்றுமில்லாமல் நசுங்கிவிடும். லிஃப்டின் நடுக்கம் அந்த நசுங்கலும் விரிவும்தான். ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் அப்படி நசுங்குகிற குமிழி பல நூறு டிகிரிக்குச் சூடாகி, தன்னைச் சுற்றியுள்ள ஆயிலைக் கருக்கும், பம்பின் உலோகத்தைக் கொத்தும். உங்கள் பம்பு இந்த ஒரு வாரத்தில் அடி வாங்கியிருக்குமா? இருக்கலாம், லேசாக. அதை இப்போது யாரும் சொல்ல முடியாது. காற்றை நிறுத்திய பிறகு, ஆயில் சூடானதும் சுமையோடு லிஃப்ட் மெதுவாக ஏறினால், குளிராக இருக்கும்போது மட்டும் நன்றாகத் தூக்கினால், அப்போது பம்பைக் கழற்றி டெஸ்ட் பெஞ்சில் ஓட்டிப் பார்க்கலாம். அதற்கு முன்னால் வேண்டாம்.

கோளாறைச் சரிசெய்த பிறகு காற்றை வெளியேற்றுவதற்கு அவசரப்படாதீர்கள். ஃபில்டரில் முடிந்த அளவு ஆயில் நிரப்பி மாட்டுங்கள். ஸ்டாப் நாபை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட்டரை மட்டும் பத்துப் பத்து வினாடியாக மூன்று தடவை சுற்ற விடுங்கள், பம்பு காய்ந்தபடி வேகமாக ஓடாமல் இருக்கும். பிறகு ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் வெறும் ஐடில். சுமையில்லாமல் லிஃப்டைப் பதினைந்து தடவை மெதுவாக ஏற்றி இறக்குங்கள், மேல் முட்டில் வைத்துப் பிடிக்க வேண்டாம். பவர் ஸ்டீயரிங்குக்கும் இதே ஆயில் என்றால் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் சில தடவை திருப்புங்கள். வெறும் ட்ராலியை மாட்டி மூன்று நான்கு தடவை தூக்கி இறக்கி, ஒரு மணி நேரம் நிற்க விட்டு, மறுபடி மட்டம் பார்த்து நிரப்புங்கள். மூச்சுக்குழாய் மூடியில் மண் அடைத்திருந்தால் டீசலில் கழுவி ஊதிவிடுங்கள்.

இதையெல்லாம் முடிக்கும் வரை சுமையோடு ட்ராலியைத் தூக்க வேண்டாம் என்று உங்கள் மாமனாரிடம் கொஞ்சம் பிடிவாதமாகவே சொல்லுங்கள், உழவு இரண்டு நாள் தள்ளிப் போனாலும் பரவாயில்லை. பாட்டில் சோதனையை இன்று சாயங்காலமே செய்துவிடுங்கள். காலையில் பாட்டிலின் போட்டோ, ஆயில் கேனின் பின்பக்க லேபிள், வண்டி மாடல் மூன்றையும் இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். ஓ-ரிங் வாங்க ஜே.சி. ரோட்டுக்கோ கலாசிபாளையத்துக்கோ போவதாக இருந்தால், பழையதைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள், கண்ணளவில் ஒன்றாகத் தெரிகிற இரண்டு ஓ-ரிங்கில் ஒன்று அரை மில்லி மெலிசாக இருக்கும்.